வங்கக் கடலில் ஒரு சுழி: புயல் பார்க்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் மாறிவிடும். "என்ன ரமணன், துணி காயப் போடலாமா?" என்பாள் அக்கா. சென்னை வானிலை மையத்திலிருந்து தொலைக்காட்சியில் மழை சொன்ன எஸ்.ஆர். ரமணன் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மேகத்தைப் பற்றி வாய் திறக்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் தலையில் அந்தப் பெயரை ஒட்டிவிடுவது இங்கே வழக்கம். நானும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டு பல வருடமாக வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடல்மேல் ஒரு காற்றுச் சுழி உருவாகிறதா, உருவானால் எந்தப் பக்கம் நகரும் என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே கவனிப்பது இன்று யாருக்கும் முடிகிற காரியம்தான். செயற்கைக்கோள் படம், வானிலையைக் கணிக்கும் கணினி மாடல், ரேடார் எல்லாம் கைபேசியிலேயே வருகின்றன, பெரும்பாலும் காசில்லாமல். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதும் இதனால்தான். எடுத்த எடுப்பில் ஒரு வண்ணப் படத்தில் போய் விழுவார்கள். பத்து நாள் தள்ளி சென்னைக்கு நேரே ஒரு ஊதா வட்டம் தெரியும். அடுத்த ஐந்து நிமிடத்தில் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசை பிடிபட்டால் இந்தத் தொல்லை குறையும். நான் பழகிய வரிசை கீழே. எல்லாப் படியிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சுழியின் மையம் எங்கே?

முதல் படி: சொற்கள்

செய்தியில் வரும் "தாழ்வுப் பகுதி", "தாழ்வு மண்டலம்" இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பலர் வருடக்கணக்காக மழை பார்க்கிறார்கள். இரண்டும் வேறு வேறு படிகள். இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தை வைத்து ஏணி போட்டிருக்கிறது. முதலில் வளிமண்டலச் சுழற்சி. அது கடல்மட்டம் வரை இறங்கி அழுத்தம் குறைந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அங்கே காற்று மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழேதான் இருக்கும். 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல் என்று மேலே போய், ஏறக்குறைய 220ஐத் தாண்டினால் சூப்பர் புயல். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கியது அந்த வகை.

இந்த எண்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். வேகத்தை நாட் கணக்கில் எழுதியிருந்தால் ஏறக்குறைய இரண்டால் பெருக்கினால் போதும், கிலோமீட்டர் வந்துவிடும். சரியான கணக்கு 1.852. அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் சொல்லும் வேகம் நம் துறை சொல்வதைவிடக் கூடுதலாக இருந்தால் மிரள வேண்டாம். அவர்கள் ஒரு நிமிடச் சராசரி எடுக்கிறார்கள், இங்கே மூன்று நிமிடம். அந்த மையத்தின் பக்கத்தில் "96 பி" போல ஏதாவது எண் தெரிந்தால், வங்கக் கடலில் ஒன்றைக் கண்காணிப்பில் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். 90 முதல் 99 வரை எண்கள் சுழன்று வரும். பி என்றால் வங்கக் கடல், ஏ என்றால் அரபிக் கடல்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன சந்தோஷம் சொல்லிவிட்டுப் போகிறேன். 2020இல் வெளியான பட்டியலில் 13 நாடுகள், நாட்டுக்கு 13 பெயர், ஆக 169. இந்தியா கொடுத்தவற்றில் "முரசு", "நீர்" இரண்டும் உண்டு. ஆனால் பெயர் வைத்தால்தான் ஆபத்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் நாள்கணக்கில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கடலில் நின்றது. புயலாகாது என்றுகூட ஒரு கட்டத்தில் கணிப்பு மாறியது. 29ஆம் தேதி பெயர் கிடைத்தது, 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பெயருக்குக் காத்திருந்தவர்களுக்கு இடையில் கிடைத்தது ஒன்றரை நாள்.

இரண்டாம் படி: எப்போது பார்க்க வேண்டும்

வருடம் முழுக்கத் திரையை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வங்கக் கடலுக்கு இரண்டு பருவம்: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. தமிழகக் கரைக்கு இரண்டாவதுதான் முக்கியம். தென்மேற்குப் பருவமழை வலுவாக இருக்கும் மாதங்களில் மேல்காற்றும் கீழ்க்காற்றும் எதிரெதிராக ஓடி, எழும்பும் மேகத்தைச் சாய்த்துவிடும். இந்த முரண்பாட்டைத்தான் ஆர்வலர்கள் ஷியர் என்கிறார்கள். ஷியர் அதிகமென்றால் புயலுக்கு முதுகு நிமிராது.

மற்றத் தேவைகள் இவை. கடல் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நம் கடலில் நவம்பரில் இதற்குப் பஞ்சமில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஐந்து டிகிரியாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூமியின் சுழற்சி காற்றை வளைக்காது. நடு உயரத்தில் ஈரம் வேண்டும். கடைசியாக, ஏற்கெனவே ஒரு சிறு சுழற்சி இருக்க வேண்டும்.

அந்தச் சுழற்சி எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கிழக்கிலிருந்து. தாய்லாந்து வளைகுடாவில் பிறந்து, மலாய் தீபகற்பத்தின் ஒடுங்கிய நிலத்தைத் தாண்டி அந்தமான் கடலில் இறங்குபவை பல. 2018இன் கஜாவுக்கு விதை அங்கேதான் விழுந்தது. 2019 ஜனவரியில் பபுக் பெயர் வைத்த புயலாகவே அப்படியே தாண்டி வந்தது. ஆகையால் நம் கரையில் வெயில் அடிக்கும்போது பார்க்க வேண்டிய இடம் போர்ட் பிளேருக்கும் கிழக்கே.

எம்ஜேஓ என்ற சொல்லும் காதில் விழும். உலகைச் சுற்றி கிழக்கு நோக்கி நகரும் பெரிய மழைமேக அலை அது. ஒரு சுற்று 30 முதல் 60 நாள். அது இந்தியப் பெருங்கடல் மேல் இருக்கும்போது சுழற்சிகளுக்குத் தெம்பு கூடும். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டு பருவம் பார்த்தபின் மீதி தானாக விளங்கும்.

மூன்றாம் படி: அரசு அறிக்கையைக் காபியோடு படிப்பது

இது சுவாரசியமில்லாத படி, அதனால்தான் எல்லோரும் தாவிவிடுகிறார்கள். வட இந்தியப் பெருங்கடலுக்கு உலக வானிலை அமைப்பு பொறுப்பு கொடுத்திருப்பது டெல்லியில் உள்ள மையத்துக்கு. அங்கிருந்து தினமும் ஓர் அறிக்கை வரும். அடுத்த ஏழு நாளில் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு நாள்வாரியாகப் போட்டிருக்கும். "குறைவு" என்றால் 1 முதல் 33 சதவீதம், "மிதம்" என்றால் 34 முதல் 67, "அதிகம்" என்றால் 68க்கு மேல். இது தவிர வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரத்துக்கான பார்வை ஒன்று வெளியாகும்.

எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நடுவில் இருக்கும் பத்திகளில்தான் சரக்கு: கடல் வெப்பம் எவ்வளவு, ஷியர் எத்தனை நாட், எந்த மாடல் என்ன சொல்கிறது, துறை ஏன் ஒன்றை நம்பி மற்றொன்றை ஒதுக்குகிறது. முதல் பத்து நாள் பாதி புரியாது. பதினோராம் நாள் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவது பிடிபடும்.

நான்காம் படி: செயற்கைக்கோள் படத்தில் மையத்தைத் தேடுவது

என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கின் உயிரே இங்கேதான். இன்சாட் 3டிஆர், 3டிஎஸ் படங்கள் வானிலைத் துறையின் தளத்திலும் இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்திலும் கிடைக்கின்றன. ஜப்பானின் ஹிமாவரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும். நமக்கு வெகு கிழக்கே நிற்பதால் வங்கக் கடல் அதன் ஓரத்தில் சரிந்து தெரியும், ஆனாலும் அந்தமான் பக்கத்துக்குப் போதும். ஜூம் எர்த் போன்ற தளங்களில் இவற்றை ஓடவிட்டுப் பார்க்கலாம்.

ஒற்றைப் படத்தைப் பார்க்காதீர்கள். ஆறு மணி நேரப் படங்களையாவது ஓடவிடுங்கள். பெரிய வெள்ளைத் திரள்தான் முதலில் கண்ணைப் பறிக்கும், அதை வேண்டுமென்றே தவிர்த்துவிட்டு அதன் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் ஊரும் சின்னச் சின்னத் தாழ் மேகங்களைக் கவனியுங்கள். அவை எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அங்கேதான் மையம். நம் அரைக்கோளத்தில் சுற்று எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த் திசை.

ராத்திரியில் ஏமாறுவது சுலபம். அகச்சிவப்புப் படம் வெப்பநிலையைத்தான் காட்டுகிறது. தாழ் மேகத்தின் சூடும் கடலின் சூடும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் தாழ் மேகம் இருட்டில் மறைந்துபோகும். உயரே ஏறிய குளிர்ந்த திரள் மட்டும் சிவப்பாகவும் கறுப்பாகவும் ஜொலிக்கும். அதன் நடுவில்தான் மையம் என்று அடித்துச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவோம். விடிந்து வெளிச்சப் படம் வந்ததும் பார்த்தால், திரள் ஒரு பக்கம் கிடக்க, நூறு கிலோமீட்டர் கிழக்கே மொட்டையாக ஒரு சுழி தனியே சுற்றிக்கொண்டிருக்கும். மேகத்தை ஷியர் மேற்கே தள்ளிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது நடந்தது ஒருமுறை இரண்டுமுறை இல்லை. காலை ஏழு மணிப் படம் வரும்வரை மையத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று ஒரு கொள்கையே வைத்திருக்கிறேன்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கடல் மேல் இடிமேகம் பின்னிரவிலும் விடியலிலும் பொங்கும், மதியத்துக்கு மேல் அடங்கும். காலை நாலு மணிக்கு "வலுத்துவிட்டது", மாலை நாலு மணிக்கு "செத்துவிட்டது" என்று இரண்டு தீர்ப்பு எழுதாமலிருக்க ஒரே வழி, இன்றைய படத்தை நேற்றைய அதே நேரப் படத்தோடு ஒப்பிடுவது. திரள் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மையத்தின் மேலேயே உட்கார்ந்து, ஓரத்தில் வளைந்த பட்டைகள் தெரிந்தால் விஷயம் இருக்கிறது. இந்த வளைவை அளந்து வலிமை கணிக்க அமெரிக்கரான வெர்னன் டுவோராக் 1970களில் ஒரு முறை வகுத்தார். அறிக்கையில் டி 1.5 என்று பார்த்தால் தாழ்வு மண்டலம், 2.0 ஆழ்ந்த மண்டலம், 2.5 புயல்.

கண்ணில் படாத கடல்காற்றை அளக்க ஆஸ்காட் என்ற கருவி மெட்டாப் செயற்கைக்கோள்களில் இருக்கிறது. கடல் அலையின் சிலிர்ப்பிலிருந்து காற்றின் திசையையும் வேகத்தையும் கணித்து அம்புக்குறிகளாகப் போடும். பட்டை பட்டையாகத்தான் வரும். நமக்கு வேண்டிய இடம் இரண்டு பட்டைக்கு நடுவில் விழுவது தலையெழுத்து. விழாத நாளில் மேற்கிலிருந்து வீசும் காற்று மையத்துக்குத் தெற்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுற்று மூடிவிட்டது. இல்லையென்றால் அது இன்னும் ஒரு வளைந்த அலைதான்.

ஐந்தாம் படி: மாடலும் சித்தப்பாவின் தளமும்

ஒரு நவம்பர் மாதம் சித்தப்பா வீட்டு மாடிக்குத் தளம் போட நாள் குறித்திருந்தார். ஒன்பது நாளைக்கு முன்னால் ஜிஎஃப்எஸ் மாடலில் கடலூருக்கு நேரே ஒரு பயங்கரப் புயல் நின்றது. நான் போன் செய்து தள்ளிப்போடச் சொன்னேன். ஆள், கலவை இயந்திரம் எல்லாவற்றையும் ரத்து செய்தார். அந்த நாள் வந்தது. உப்பு காய்ச்சலாம் போல வெயில். இன்றுவரை வீட்டு விசேஷங்களில் என்னைப் பார்த்தால் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

அன்று கற்றது: அமெரிக்க ஜிஎஃப்எஸ் ஒரு வாரத்துக்கு அப்பால் இல்லாத புயலைக் கனவு காண்பதில் கெட்டிக்காரன். ஐரோப்பிய மையத்தின் இசிஎம்டபிள்யூஎஃப் மாடல் பொதுவாக நிதானம், சில சமயம் வலிமையைக் குறைத்துச் சொல்லும். இரண்டும் விண்டி செயலியில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடும். உலக நேரம் 00 என்றால் நமக்குக் காலை ஐந்தரை. அந்த ஓட்டத்தின் முடிவு நம் கைக்கு வர ஒன்பது மணிக்கு மேல் ஆகும். ஐரோப்பியக் கணிப்பு நண்பகலை ஒட்டி வரும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் துள்ளக் கூடாது. ஒரு ஓட்டத்தில் சென்னை, அடுத்ததில் ஒடிசா, அதற்கடுத்ததில் ஒன்றுமேயில்லை. இப்படி ஆடினால் மாடலுக்கே தெரியவில்லை என்று பொருள். இதற்குக் காரணமும் மையம்தான். கடலில் மையம் உருவாகாதவரை எந்தப் புள்ளியிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்று அதற்குப் பிடி கிடைக்காது. தாழ்வுப் பகுதி ஒழுங்காக அமைந்தபின் மாடல்கள் காட்டும் பாதைக் கோடுகள் சட்டென்று நெருங்கி வருவதைப் பார்க்கலாம்.

கோட்டுக்குப் பதில் கூட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய மாடல் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பது முறை கணக்குப் போட்டு, ஐம்பது பாதையையும் வெளியிடுகிறது. ஐம்பதில் எட்டு புயலைக் காட்டினால் அது ஒரு சாத்தியம், அவ்வளவே. நாற்பது காட்டி, நாற்பதும் ஒரே திசையில் போனால் சித்தப்பாவுக்குப் போன் செய்யலாம்.

என் சொந்தக் கணக்கு இது, சட்டமில்லை. ஏழு நாளுக்கு அப்பால் என்றால் கடல் கலங்குமா என்பது மட்டும். ஐந்து நாளில் உருவாகுமா என்பது. நான்கு, மூன்று நாளில் தமிழகமா, ஆந்திரமா, வடக்கே வங்காளமா என்பது. இரண்டு நாளில் எந்த மாவட்டங்கள் என்பது. ஊர்ப் பெயர் சொல்வது கடைசி நாளில், அதுவும் தயங்கித்தான்.

ஆறாம் படி: யார் தள்ளுகிறார்கள்

புயல் தானாக நடக்காது, சுற்றியிருக்கும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. வடக்கே உயர் அழுத்த மேடு ஒன்று நீளமாகப் படுத்திருக்கும். ஆர்வலர்கள் ரிட்ஜ் என்பார்கள். அதன் தெற்கு விளிம்பில் கிழக்குக் காற்று ஓடும். மேடு வலுவாக இருந்தால் புயல் நேரே மேற்கே, அதாவது நம் கரைக்கு வரும். வடஇந்தியாவைக் கடக்கும் மேற்கத்திய அலை அந்த மேட்டை உடைத்துவிட்டால், புயல் அந்த இடைவெளியில் வடக்கே திரும்பி வங்கதேசம், மியான்மர் பக்கம் போகும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிம்ஸ் தளத்தில் இந்தத் தள்ளுகாற்றுக்கும் ஷியருக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. மெலிந்த சுழிக்குத் தாழ்ந்த உயரக் காற்றையும், வலுத்த புயலுக்கு உயரம்வரை சராசரி எடுத்த காற்றையும் பாருங்கள்.

இரண்டு மேட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கமும் இழுப்பு இருக்காது, நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் எனக்குப் பயம். 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றபடியே காவிரிப் படுகையை நனைத்து மூழ்கடித்தது. ஃபெஞ்சலும் கரையைக் கடந்தபின் புதுச்சேரி அருகே அசையாமல் கிடந்தது.

நகர்வேகத்தை நீங்களே கணக்கிடலாம். அட்சரேகை ஒரு டிகிரி 111 கிலோமீட்டர். சென்னை ஏறக்குறைய 13.1 வடக்கு, 80.3 கிழக்கு. நாகப்பட்டினம் 10.8, 79.8. அறிக்கையில் வரும் மையத்தின் புள்ளியை ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி, பழைய பள்ளி வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். ஆறு மணி நேரத்தில் அரை டிகிரி என்றால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர், அதாவது ஒரு சைக்கிளைவிட மெதுவு. கையால் குறிக்கும்போது மனதில் பதிவது திரையில் பார்க்கும்போது பதிவதில்லை. இந்த நோட்டை நான் மிகவும் வலியுறுத்துவேன். அன்று என்ன நினைத்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள், பின்னால் சிரிக்க உதவும்.

துறை வெளியிடும் பாதை வரைபடத்தில் கூம்பு போல விரியும் பகுதி, மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதைக் காட்டுவது. மழை அந்தக் கூம்புக்குள்ளேதான் பெய்யும் என்று அர்த்தமில்லை. பழைய ஆர்வலர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: புயல் நமக்குத் தெற்கே கடந்தால் கடல்காற்று நம்மேல் அடித்து மழை அதிகம்; வடக்கே கடந்தால் நிலக்காற்று, மழை குறைவு. பெரும்பாலும் சரிதான். 2023இல் மிக்ஜாம் இதைப் பொய்யாக்கியது. டிசம்பர் 5ஆம் தேதி அது கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா அருகே. அதற்கு முன் சென்னைக்கு அருகே கடலிலேயே ஆமை வேகத்தில் ஊர்ந்ததில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீருக்குள் போயின. பாதையை மட்டும் பார்த்தவர்கள் "தப்பித்தோம்" என்றார்கள். வேகத்தைப் பார்த்தவர்கள் வண்டியை மேட்டில் நிறுத்தினார்கள்.

ஏழாம் படி: உங்கள் மொட்டைமாடி

கடைசி இரண்டு நாளில் திரையிலிருந்து கொஞ்சம் எழுந்து வெளியே வாருங்கள். பல கைபேசிகளில் காற்றழுத்தமானி உள்ளேயே இருக்கிறது. ஒரு செயலி போட்டால் எண் தெரியும். எத்தனை மாடி என்பதைப் பொறுத்து எண் மாறும், ஏறக்குறைய எட்டு மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். அதனால் எண்ணைவிட மாற்றத்தைக் கவனியுங்கள்.

இங்கேயும் ஒரு பொறி. வெப்பமண்டலத்தில் புயல் இல்லாத நாளிலும் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து மணிவாக்கில் உச்சம். அதிகாலை நான்கு, மாலை நான்கு மணிவாக்கில் தாழ்வு. காலையிலிருந்து மாலைக்குள் மூன்று மில்லிபார் குறைந்ததைப் பார்த்துப் புயல் நெருங்கிவிட்டது என்று பதறிய நண்பர்கள் உண்டு. நேற்று இதே மணிக்கு என்ன எண் என்று பாருங்கள். அந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போனால்தான் செய்தி.

காற்றுக்கு ஒரு பழைய தந்திரம், பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் சொன்னது. காற்று முதுகில் அடிக்கும்படி நில்லுங்கள். தாழ்வின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம். கரையில் நின்று பார்த்தால் இன்னும் ஒன்று தெரியும்: வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்று மெல்லக் கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது, வடக்கு, வடமேற்கு என்று திரும்பினால் வடக்கே. திரும்பாமல் வலுத்துக்கொண்டே இருந்தால் நேரே உங்களிடம் வருகிறது. அப்போது மாடியில் நிற்காதீர்கள், இறங்குங்கள்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா வந்தபோது கண் சென்னையின் மேலேயே நகர்ந்தது. அடித்த காற்று சட்டென்று நின்றது. முடிந்துவிட்டது என்று பலர் தெருவுக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது. அதுவரை ஒரு பக்கம் சாய்ந்து தாக்குப்பிடித்த மரங்களுக்கு அது வேறு விதமான சோதனை.

எட்டாம் படி: ரேடார், கூண்டு, எச்சரிக்கை

புயல் 250 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் மாடலை மூடிவிட்டு ரேடாரைத் திறங்கள். சென்னைத் துறைமுகம், பள்ளிக்கரணை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ஆகிய இடங்களில் உள்ளவை நமக்குப் பயன்படும். தூரம் கூடக் கூட ரேடார் கதிர் மேலே ஏறிவிடுவதால் 250 கிலோமீட்டரில் நாம் பார்ப்பது ஐந்தாறு கிலோமீட்டர் உயர மேகத்தை. அதனால் தூரத்து மையம் ரேடாரில் தள்ளித் தெரியலாம். படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று மூலையில் போட்டிருக்கும். இரண்டு மணி நேரப் பழைய படத்தைப் பார்த்து "மழை வரவில்லையே" என்பவர்கள் ஏராளம்.

துறைமுகக் கூண்டு எண்ணையும் படிக்கப் பழகுங்கள். "பாம்பனில் 1ஆம் எண் கூண்டு" என்பது செய்தியில் சடங்கு போல வந்து போகும், ஆனால் 1 முதல் 11 வரை ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. 1, 2 தூரத்து எச்சரிக்கை. 3, 4 உள்ளூர்க் காற்றுக்கு. 5, 6, 7 அபாயம்: துறைமுகம் புயலின் இடப்பக்கம் இருக்கும்படி கடந்தால் 5, வலப்பக்கம் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடந்தால் 7. இதே வரிசை பெரும் அபாயத்துக்கு 8, 9, 10. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ஆக, கூண்டு எண்ணிலேயே பாதைக் கணிப்பும் ஒளிந்திருக்கிறது.

ஊருக்கான எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும்: முன்கவனம் 72 மணி நேரத்துக்கு முன், பிறகு 48, 24, கடைசியாக 12 மணி நேரத்தில் கரையேறியபின் என்ன ஆகும் என்ற பார்வை. ஆனால் எல்லாப் புயலும் இந்த அவகாசம் கொடுப்பதில்லை. 2017இல் ஒக்கி நவம்பர் 29ஆம் தேதி தாழ்வு மண்டலம், 30ஆம் தேதி குமரிக் கடலில் புயல். நூற்றுக்கணக்கான மீனவர்கள் அப்போது ஆழ்கடலில் இருந்தார்கள். குமரி முனைக்குக் கீழே நகரும் எந்தச் சுழியையும் நான் இப்போது மணிக்கணக்கில் பார்ப்பது அதனால்தான்.

நீங்கள் பார்த்ததை மற்றவர்களிடம் பகிரத் தோன்றும், தோன்றவும் வேண்டும். பகிரும்போது அதிகாரபூர்வ அறிக்கையையும் கூடவே போடுங்கள். உங்கள் கருத்தை "எனக்குத் தோன்றுவது" என்று தொடங்குங்கள். படத்தில் தேதி, மணி, எந்த மாடல் என்பது தெரியட்டும். பேரிடர் குறித்துப் பொய்யான பீதி கிளப்பினால் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. கடலுக்குப் போகலாமா என்று மீனவர் யாராவது கேட்டால் உங்கள் கணிப்பைச் சொல்லாதீர்கள், துறையின் எச்சரிக்கையை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

கரையைக் கடந்த பிறகு

தொலைக்காட்சி வண்டிகள் கிளம்பியதும் நாமும் மூடிவிடுவோம். கூடாது. ஃபெஞ்சல் கடந்த மறுநாள் அதன் மிச்சம் உள்ளே போய், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. கஜா தமிழகத்தைக் குறுக்கே கடந்து அரபிக் கடலில் இறங்கி மறுபடி உயிர் பிடித்தது. மையம் நிலத்தின் மேல் இருக்கும்வரையும், அது கலைந்த மறுநாள்வரையும் புள்ளி குறிப்பதை நிறுத்தாதீர்கள்.

மழைமானி ஒன்று வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் போதும், ஸ்கேலால் அளக்கலாம். அளக்கும் நேரம் காலை எட்டரை. வானிலைத் துறையின் மழைநாள் எட்டரையிலிருந்து எட்டரை வரை என்பதால் அப்போதுதான் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியும். நோட்டில் முன்னால் எழுதி வைத்த கணிப்புக்குப் பக்கத்திலேயே அதைக் குறியுங்கள்.

2020இல் நிவர் நவம்பர் 25 நள்ளிரவைத் தாண்டிப் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. மூன்று ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு மழையை அளந்து எழுதிவிட்டு, நோட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். டிசம்பர் 2ஆம் தேதி புரெவி திரிகோணமலைப் பக்கம் இலங்கையில் ஏறியபோது எனக்கு அந்த வாரத்துப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அதிலிருந்து எட்டரை மணி மழையை எழுதிய கையோடு அந்தமான் பக்கத்துப் படத்தையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் படுக்கிறேன்.